கியர்பாக்ஸைக் கழற்றும் முன் ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்

ஈப்போவிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1990ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230ஈ, டபிள்யூ124 உடல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஐடிலில், அதாவது பெடலைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, வண்டி நடுங்குகிறது. சிக்னலில் நின்று ஏசி ஓடும்போது அணைந்துவிடும் போல ஆர்பிஎம் முள் இறங்குகிறது. கிளம்பும்போது மந்தம். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குத் தாமதமாகப் போகிறது, போகும்போது ‘டொக்’ என்று ஒரு இடி. தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறினால் திணறல் இன்னும் மோசம். வொர்க்‌ஷாப்பில் காட்டினால், “கியர்பாக்ஸ் முடிஞ்சிருச்சு, ஓவர்ஹால் பண்ணணும்” என்று பல ஆயிரம் வெள்ளி சொல்கிறார்கள். செய்யலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் கியர்பாக்ஸை விட எனக்கு முதலில் சந்தேகம் வருவது எஞ்சினின் வேக்குவம் குழாய்கள்மேல்தான். எஞ்சின் நடுங்குவதும் கியர் மந்தமாக விழுவதும் இரண்டு தனித்தனி நோய் என்று வொர்க்‌ஷாப் பிரித்துவிட்டது. இந்த வண்டியில் அவை பெரும்பாலும் ஒரே நோய்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆனால் ஐடிலில் திராட்டில் தட்டு (பெடலுக்கேற்பத் திறந்து காற்றை உள்ளே விடும் தட்டு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் காற்று தாராளமாக வர முடியாது. அதனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிக்குள், காற்றழுத்தம் வெளியில் இருப்பதை விடக் குறைகிறது. இதைத்தான் வேக்குவம் என்கிறோம். நல்ல எஞ்சினில், கடல் மட்டத்தில், ஐடிலில் வேக்குவம் கேஜ் வைத்தால் 17 முதல் 21 இன்ச் மெர்க்குரி (வேக்குவத்தை அளக்கும் அலகு) வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். பெடலை அழுத்தினால் தட்டு திறக்கும், வேக்குவம் விழும். முழுக்க அழுத்தினால் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடும். அதாவது ஓட்டுபவர் எவ்வளவு சுமை கேட்கிறார் என்பதை மேனிஃபோல்டு வேக்குவம் ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்து கியர்பாக்ஸ்கள் இதைத்தான் காதுகொடுத்துக் கேட்டன.

உங்கள் கியர்பாக்ஸ் 722.4 வரிசை. அதற்கு மூன்று பேர் தகவல் சொல்கிறார்கள். வண்டியின் வேகத்தைச் சொல்வது கவர்னர். பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது திராட்டில் லிங்கேஜிலிருந்து போகும் கேபிள். எப்போது கியர் மாற வேண்டும் என்பதை இந்த இருவரும் முடிவு செய்கிறார்கள். மாறும்போது எவ்வளவு அழுத்தத்தோடு கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்பவர்தான் வேக்குவம் மோடுலேட்டர். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன டப்பா அது. உள்ளே ஒரு ரப்பர் ஜவ்வு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். வேக்குவம் நன்றாக இருந்தால் ஜவ்வு இழுபட்டு அழுத்தம் குறையும், கியர் வழுக்கிக்கொண்டு மாறும். குழாய் எங்காவது கீறியிருந்து வேக்குவம் வரவில்லை என்றால், பெடலை முழுக்க அழுத்தியிருக்கிறார்கள் என்று கியர்பாக்ஸ் நினைத்துக்கொண்டு முழு அழுத்தத்தோடு பிடிக்கும். உங்களுக்குக் கேட்கும் ‘டொக்’ பெரும்பாலும் அந்தப் பிடிதான்.

சரி, இடி புரிந்தது. தாமதம் ஏன்? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் எம்102 எஞ்சினில் இருப்பது கேஈ ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்குகிறது, அது எவ்வளவு தூக்கப்படுகிறதோ அந்த அளவுக்குப் பெட்ரோல் போகிறது. தட்டைத் தாண்டி, கீறிய ரப்பர் வழியாகக் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றாகிவிடும். எஞ்சின் மெலிந்து போகும். மெலிந்த எஞ்சின் இழுக்காது. இழுக்காததால் நீங்கள் அறியாமலே பெடலை முன்பைவிட அதிகம் அழுத்துகிறீர்கள். அழுத்தும்போது கேபிள் கூடுதலாக இழுபடுகிறது. இவருக்கு வேகம் வேண்டும் போலிருக்கிறது என்று கியர்பாக்ஸ் அதே கியரைக் கூடுதல் நேரம் பிடித்து வைக்கிறது. ஆக, கியர்பாக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே உங்களுக்குக் கெட்டுப்போனது போலத் தெரிகிறது. (பழைய அமெரிக்க வண்டிகளில், உதாரணமாக ஜிஎம் டிஎச்350 கியர்பாக்ஸில், மோடுலேட்டரே கியர் மாறும் நேரத்தையும் தீர்மானிக்கும். அங்கே ஒரே ஒரு குழாய் பிய்ந்தால் போதும், தாமதமும் இடியும் சேர்ந்தே வரும்.)

கிளம்பும்போது மந்தம் என்றீர்களே, அதில் ஒரு பங்கு நோயே இல்லை. இந்த வண்டி டி-யில் மெதுவாக அழுத்திக் கிளம்பினால் இரண்டாவது கியரிலேயே கிளம்பும்படி செய்யப்பட்டது. பெடலை நன்றாக அழுத்தினால்தான் முதல் கியர் வரும். லீவரை 2-இல் வைத்துக் கிளம்பிப் பாருங்கள். அப்போது துள்ளிக்கொண்டு கிளம்பினால் முதல் கியர் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும்போது இரண்டாவதில் கிளம்புவது உறுத்தாது. மெலிந்த எஞ்சினோடு சேர்ந்தால்தான் அது சுமையாகத் தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு 190ஈ இருந்தது, இதே எம்102 குடும்ப எஞ்சின், இதே வகை கியர்பாக்ஸ். இதே இடி. ஒரு வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, கிளட்ச் தட்டுகள் மாற்றி, மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள். வாசலைத் தாண்டியதும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மறுபடி அதே ‘டொக்’. வீட்டுக்கு வந்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டார்ச்சோடு அடியில் படுத்தேன். மோடுலேட்டரில் செருகியிருந்த கறுப்பு ரப்பர் முழங்கை பார்வைக்கு முழுசாகவே இருந்தது. விரலால் லேசாக வளைத்தேன். மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வாய் திறந்தது போல ஒரு கீறல். வெளியே எண்ணெய்ப் பிசுக்கு. கீறலின் உள் உதடு மட்டும் சுத்தமாகப் பளபளத்தது, காற்று அதன் வழியே ஓயாமல் இழுபட்டதால். விரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பரை மாற்றிய பிறகு கியர் மாறுவதே தெரியவில்லை. செலவான பணத்தைவிட, நன்றாக இருந்த ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டோமே என்ற வருத்தம்தான் அதிகம். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி எப்படித் தேடுவது என்று பார்ப்போம். கருவி அதிகம் வேண்டாம். ஒரு வேக்குவம் கேஜ், முடிந்தால் கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், காதில் வைத்துக் கேட்க ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய், இவை போதும்.

முதல் சோதனைக்கு எதுவுமே வேண்டாம். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறங்கள். நல்ல நிலையில் இருக்கும் எம்102 உடனே தடுமாறும், அணையவும் பார்க்கும், ஏனென்றால் திடீரென்று கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது. மூடியைத் திறந்தும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை என்றால், ஏற்கெனவே எங்கோ பெரிதாகக் காற்று கசிகிறது என்று பொருள். அந்த மூடியின் ரப்பர் வளையத்தையும் அப்படியே பாருங்கள். பிளாஸ்டிக் போலக் கடினமாகியிருந்தால் அதுவே ஒரு கசிவு.

அடுத்து கேஜ். மேனிஃபோல்டில் நேரடியாக ஒரு குழாயைக் கழற்றி, நடுவில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு கேஜை இணையுங்கள். முள் 18-இல் அசையாமல் நின்றால் நிம்மதி. 12, 13 என்று தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் கசிவோ, இக்னிஷன் டைமிங் பின்தங்கியதோ (ஸ்பார்க் தாமதமாக விழுவதோ) காரணம். சீரான இடைவெளியில் டக் டக் என்று விழுந்து எழுந்தால் அது வால்வு பிரச்சினை, குழாயைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மலைமேல் அளக்காதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் ஓர் இன்ச் குறையும். கெந்திங் உச்சி ஏறக்குறைய 6,000 அடி, அங்கே நல்ல எஞ்சின்கூட 12, 13 தான் காட்டும். கேமரன் மலையில் உங்கள் வண்டி கூடுதலாகத் திணறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மேனிஃபோல்டிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்தை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். ஐடில் உடனே சீராகிறதா? அப்படியானால் கசிவு கியர்பாக்ஸ் பக்கம் போகும் பாதையில் இருக்கிறது. மாற்றமே இல்லையா? எஞ்சின் பக்கம் தேடுங்கள். அடைத்த நிலையிலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வேக்குவம் இல்லாமல் எல்லா கியரும் முரட்டுத்தனமாக விழ வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், மோடுலேட்டருக்கு நேற்றும் வேக்குவம் போகவில்லை.

கழற்றிய குழாயை முகர்ந்து, முனையில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பாருங்கள். குழாய் கொஞ்சம் ஈரமாக, சிவப்பாக இருந்தால் மோடுலேட்டரின் ஜவ்வு கிழிந்துவிட்டது. கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் கியர் ஆயில் குறைவது, இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். மோடுலேட்டரை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. குழாய் காய்ந்திருந்தால் கைப்பம்பால் மோடுலேட்டருக்கு 15 இன்ச் கொடுத்து நிறுத்துங்கள். முள் இறங்காமல் நின்றால் ஜவ்வு நல்லது.

எஞ்சின் பக்கம் எம்102-இல் நான் பார்க்கும் வரிசை இது. இன்ஜெக்டர்கள் நான்கின் ரப்பர் வளையங்கள் முதலில். முப்பது வருட வெப்பத்தில் அவை பிஸ்கட் போல நொறுங்கும். அப்புறம் ஐடில் வால்வுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அதன் பிறகு காற்றளக்கும் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் நடுவே இருக்கும் பெரிய ரப்பர் பூட். இது கழற்றச் சிரமமானது, அதனால்தான் பல கைகளைத் தாண்டிய வண்டிகளிலும் மாறாமல் கிடக்கும். மடிப்புகளுக்கு நடுவில் கீறும், மேலிருந்து தெரியாது.

இன்னொன்றைத் தவறவிடாதீர்கள். இடப்பக்க ஃபெண்டரின் உட்புறம் இருக்கும் ஈஇசட்எல் இக்னிஷன் பெட்டிக்கு ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் போகும். சுமை குறைவாக இருக்கும்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்க அந்தப் பெட்டி இந்த வேக்குவத்தைத்தான் பார்க்கிறது. குழாய் பிய்ந்து தொங்கினால் டைமிங் பின்தங்கும். வண்டி சோம்பலாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் எந்த விளக்கும் எரியாது. ஒரு சாண் குழாய், பார்க்க அரை நிமிடம் போதும்.

தேடும் முறை: ஐடிலில் ஒவ்வொரு இணைப்பின்மேலும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் கீறலை ஒரு கணம் அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் வயர்கள் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிக்கிறார்கள். வேலை செய்யும்தான், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணீரில் அகப்படவில்லை என்றால் புகை செலுத்திப் பார்க்கும் கருவி வைத்திருக்கும் வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கால் மணி நேர வேலை, எந்த இண்டு இடுக்கிலிருந்தும் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

பிரேக் பூஸ்டரையும் சேர்த்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் ஐடில் ஏறி இறங்குகிறது என்றால் அதன் ஜவ்வில் கசிவு இருக்கிறது. இது ஐடில் பிரச்சினை மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. தள்ளிப்போடாதீர்கள். ஏசி காற்றைத் திருப்பும் தட்டுகளும் இதே வேக்குவத்தில்தான் இயங்குகின்றன. மலை ஏறும்போது முகத்துக்கு வரும் காற்று தளர்ந்து வேறு பக்கம் திரும்பினால் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் ஒரு கசிவு உண்டு.

கசிவே இல்லாமல் நடுங்கும் வண்டிகளும் உண்டு. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் அமுங்கிப்போயிருந்தால் ஸ்டியரிங் நடுங்கும், ஆனால் கேஜ் முள் அசையாது. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து விட்டுவிட்டு எரிகிறதா? அப்படியானால் ஓவர்வோல்டேஜ் ரிலேயைப் பாருங்கள். தலையில் சிவப்பு ஃப்யூஸ் இருக்கும் ரிலே அது. பி-யிலிருந்து டி-க்குப் போடும்போதும் இடி கேட்டால் பின்சக்கரப் பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், அதையும் கியர்பாக்ஸ் தலையில் கட்டிவிடுவார்கள்.

எஞ்சின் சீரான பிறகுதான் கியர்பாக்ஸ் பக்கம் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மெலிந்த எஞ்சினோடு கேபிளையும் மோடுலேட்டரையும் திருகினால், பின்னால் எஞ்சினைச் சரிசெய்ததும் எல்லா அளவும் தப்பாகிவிடும்.

கியர் ஆயிலை அளக்கும்போது வண்டி சமதளத்தில், லீவர் பி-யில், எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டு, ஆயில் 80 டிகிரி வரை சூடாகியிருக்க வேண்டும். அதாவது இருபது நிமிடமாவது ஓட்டிய பிறகு. டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே வெறும் 0.3 லிட்டர்தான், அதனால் ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக. நூல் உதிராத துணியால் துடையுங்கள், ஒரு நூல் வால்வுக்குள் போனாலும் தொல்லை. சிவப்பாக, வாடையில்லாமல் இருந்தால் நல்லது. பழுப்பாகிக் கருகிய வாடை வந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பான் ஒன்றை மட்டும் வடித்து அனுப்பிவிடுவார்கள், அது பாதி வேலை. இந்த கியர்பாக்ஸில், எஞ்சினோடு அதை இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கும் ஆயிலை வடிக்கத் தனி டிரெய்ன் போல்ட் உண்டு. எஞ்சினைக் கையால் சுற்றி, அந்த போல்ட் ஓட்டைக்கு நேரே வந்ததும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கழற்ற வேண்டும். இரண்டையும் வடித்து, ஃபில்டரும் மாற்றி, டெக்ஸ்ரான் வகை ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். கூடவே நின்று பாருங்கள்.

பிறகு கேபிள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலை முழுக்க அழுத்தச் சொல்லி, பானெட்டைத் திறந்து திராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். லிங்கேஜின் பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்து, பாதிதான் திறக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மந்தத்துக்கு எந்த மருந்தும் கேட்காது. ஐடிலில் கேபிள் தொய்வாகவும் இருக்கக் கூடாது, இறுக்கமாக இழுத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. தொய்ந்தால் கியர் சீக்கிரமே மேலே போய் இழுவை குறையும். இறுகினால் தாமதமாகும்.

இவ்வளவும் சரியான பிறகும் இடி கொஞ்சம் மிச்சம் இருந்தால் மோடுலேட்டரின் திருகைத் தொடலாம். முதலில் இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. ரொம்ப மென்மையாக்கும் ஆசை வேண்டாம். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே பிடிக்கும், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தட்டுகள் தேயும். லேசாக உணரும் அளவுக்கு கியர் மாறுவதே நல்லது.

உங்கள் வீட்டில் இருக்கும் புதிய வண்டிக்கும் இதே முறையா என்று கேட்காதீர்கள். அங்கே கியர்பாக்ஸுக்கு வேக்குவம் குழாயே போகாது, கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். ஐடிலில் கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் அது வேக்குவம் கசிவின் கையெழுத்து.

அப்படியானால் கியர்பாக்ஸை எப்போது திறப்பது? குழாய்கள், ஆயில், கேபிள், மோடுலேட்டர் எல்லாம் சரியாகி இரண்டு வாரம் ஓட்டிய பிறகும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் தனியாகச் சீறி, பிறகு கியர் பிடித்தால், உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஆர்-இல் போட்டு ஓரிரு நொடி கழித்துத்தான் வண்டி அசைந்தாலும், ஆயில் பானைக் கழற்றும்போது அடியில் கறுப்புச் சேறும் உலோகத் துகளும் கிடந்தாலும் அப்படியே. நீங்கள் எழுதியதில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் எண்ணெய் மூடியைத் திறந்து பார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மூடியைத் திறந்ததும் எஞ்சின் தடுமாறியதா இல்லையா, கியர்பாக்ஸ் குழாயின் முனை சிவப்பா காய்ந்ததா, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.